பிராந்திக்கு ஒரு நாள், தென்னைக்கு ஒரு நாள்: தீவிலிருந்து ஒரு கேள்வி

(நீண்ட பதிவு. உணவு வரலாறும் மானுடவியலும் பயிலும் மாணவ நண்பர்களை மனத்தில் வைத்து எழுதியது. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

களப்பணிக்காக ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது நம்மில் பலர் இன்னும் போர்ட் பிளேர் என்றே அழைக்கும் நகரில், தங்கியிருந்த ஒரு ஜூன் மாதத் தொடக்கம். தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் காலம் தவறத் தொடங்கியிருந்தன. கார் நிக்கோபாரைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருத்தியும் நானும் மழைக்கு ஒதுங்கிய இடத்தில், ஒரு விடுதியின் விளம்பரப் பலகை நின்றது. ஜூன் 4 மாலை பாலாடைக்கட்டி நாளையும் கோன்யாக் நாளையும் ஒருங்கே கொண்டாடும் விருந்து நடைபெறும் என்றும், முன்பதிவு அவசியம் என்றும் அதில் எழுதியிருந்தது. தோழி அதை இருமுறை படித்தாள். பிறகு என்னிடம் இந்தியில் கேட்டாள்: "தீதி, இந்த விருந்து யாருக்காக?"

சுற்றுலாப் பயணிகளுக்காக என்றேன். அவள் தலையசைத்தாள். தான் கேட்டது அதுவன்று என்றாள். அவளுடைய ஊரில் பெருவிருந்து என்றால் அதற்கு ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அது இறந்துபோன ஒருவரின் பெயர். விருந்து யாருக்காக வைக்கப்படுகிறதோ, யார் அதற்காகப் பன்றி வளர்த்தாரோ, எந்தத் தோப்பிலிருந்து தேங்காய் வந்ததோ, அத்தனையும் உண்பவருக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அவளுக்கு அக்கேள்வி இயல்பானது. எனக்கோ அன்று விடை இல்லை. இப்பதிவு, தாமதமாக நான் எழுதும் விடை.

முதலில் அந்த நாட்களைப் பற்றி. ஜூன் 4 அமெரிக்க வழக்கில் பாலாடைக்கட்டி நாள்; அதே நாள் கோன்யாக் நாளும் ஆகும். கோன்யாக் என்பது பிராந்தி வகைகளுள் ஒன்று. ஜனவரி 20 பாலாடைக்கட்டி விரும்பிகளின் நாள். ஜனவரி 31, பிராந்தியும் பாலேடும் கலந்த ஒரு பானத்திற்குரிய நாள். இப்படி ஆண்டின் ஏறத்தாழ ஒவ்வொரு தேதிக்கும் ஓர் உணவோ பானமோ ஒதுக்கப்பட்டிருக்கிறது. பெயரில் ‘தேசிய’ என்னும் அடைமொழி இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்கு எந்தச் சட்டமன்றத் தீர்மானமும் பின்புலமாக இல்லை. வணிகச் சங்கங்களும் விளம்பரத் துறையினரும் தொடங்கியவை பல. எவர் தொடங்கினார் என்றே தெரியாதவை அதனினும் பல. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், இத்தகைய நாட்களைத் தொகுத்தும் புதிய நாட்களைக் கட்டணம் பெற்றுப் பதிவு செய்தும் தரும் ஒரு நிறுவனமே எழுந்தது. நாள் என்பது விலைக்கு வாங்கத்தக்க பண்டமாகிவிட்டது.

எல்லா நாட்களும் அப்படிப்பட்டவை அல்ல. அமெரிக்காவின் டோனட் நாள் 1938இல் சிகாகோவில் ‘சால்வேஷன் ஆர்மி’ அமைப்பு தொடங்கியது. முதல் உலகப்போர்க் களத்தில் படைவீரர்களுக்கு டோனட் சுட்டுக் கொடுத்த பெண்களை நினைப்பதும், வறியோர்க்கு நிதி திரட்டுவதும் அதன் நோக்கம். நம் நாட்டில் நவம்பர் 26 தேசியப் பால் நாள். அது வர்கீஸ் குரியன் 1921இல் பிறந்த நாள். அந்நாளைச் சொல்லும்போதே கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றிய சிற்றூர்ப் பெண்களின் நினைவும் உடன் வருகிறது. இந்த நாட்களிடம் என் தோழியின் கேள்வியைக் கேட்டால் ஒரு விடை கிடைக்கும்.

எனவே உணவுக்கு நாள் குறிப்பதே வீண் என்று வாதிடுவது என் நோக்கமன்று. உண்பதையும் அருந்துவதையும் கொண்டாடுவது மனித இயல்பு. நம் இலக்கியமே அதற்குச் சான்று. தேறல், நறவு, தோப்பி எனக் கள்வகைகளுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருந்த மொழி நம்முடையது. யவனர் கலங்களில் வந்திறங்கிய மதுவைப் பொற்கலத்தில் அருந்திய மன்னனையும் புறநானூறு அறியும். அயல்நாட்டுப் பானம் என்பதற்காக ஒன்றை விலக்கும் மரபு நமக்கில்லை. நான் கேட்பது வேறு. கொண்டாடப்படும் பண்டத்திற்குப் பின்னாலுள்ள நிலத்தையும் உழைப்பையும் அந்த நாள் நம் கண்முன் நிறுத்துகிறதா, மறைக்கிறதா? இந்தக் கேள்விக்கு அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போலத் தெளிவான ஆய்வுக்களம் வேறு கிடைப்பது அரிது.

கோன்யாக்கையே எடுத்துக்கொள்வோம். பிரான்சில் அது வெறும் சுவையின் பெயரன்று. ஒரு நிலப்பகுதியின் பெயர். எந்த எல்லைக்குள் விளைந்த திராட்சையிலிருந்து வடித்தது அப்பெயருக்கு உரியது என்பதை 1909இல் அந்நாட்டு அரசு வரையறுத்தது. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு 1925இல் அத்தகைய சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அவ்வூர்ப் பாறைக்குகைகளில் பக்குவப்படுத்திய செம்மறிப்பாற்கட்டி மட்டுமே அப்பெயரைத் தாங்கலாம். அந்த மக்கள் தங்கள் பண்டத்துக்கு விழா எடுக்குமுன் தங்கள் மண்ணுக்கு வேலி எடுத்தார்கள். நாமோ வேலியை விட்டுவிட்டு விழாவை மட்டும் இறக்குமதி செய்கிறோம்.

பிராந்தி நம்மிடம் வந்த கதை இன்னும் சுவையானது. ‘எரித்த மது’ என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்து, ‘பிராந்தி’ என்று தமிழாகி, இன்று மதுக்கடை எதுவாயினும் அதைப் ‘பிராந்திக்கடை’ என்று சொல்லுமளவுக்கு வேரூன்றிய சொல் அது. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் அண்டாதிருக்கப் பிராந்தி கொடுத்த வீடுகள் நம் பாட்டிமார் காலத்தில் உண்டு. ஆனால் நம் நாட்டில் அப்பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. திராட்சைத் தோட்டத்தோடு அதற்குள்ள உறவு மிக மெல்லியது. அந்தமானில் அந்த மெல்லிய உறவும் அறுந்துவிடுகிறது. அங்கே பிராந்தி பெருநிலத்திலிருந்து கப்பலேறி வருகிறது. தீவுகளில் அதனை விற்கும் பொறுப்பு 1988இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமாகிய அந்தமான் நிக்கோபார் தீவுகள் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகத்தினுடையது. இந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள். பின்னர் மீண்டும் வரும்.

பாலாடைக்கட்டியோ தீவுகளுக்கு இன்னும் அந்நியமானது. நிக்கோபாரியர் மரபில் பால் கறந்து உண்ணும் வழக்கம் இல்லை. ஆயினும் மாடுகள் உண்டு. நான்கவுரிக்கு அருகிலுள்ள ட்ரிங்கெட் தீவிலும் கமோர்ட்டாவிலும் மனிதரை அண்டாமல் திரியும் மாட்டு மந்தைகள் இருக்கின்றன. டென்மார்க்கிலிருந்து வந்த குடியேறிகள் கொண்டுவந்து விட்டுச்சென்ற மாடுகளின் வழிவந்தவை அவை என்று கருதப்படுகிறது. அந்த டேனியர் எங்கிருந்து புறப்பட்டார்கள்? நம் தரங்கம்பாடியிலிருந்து. 1756இல் நிக்கோபாரைத் தமதென்று அறிவித்து, தம் அரசனின் பெயரால் பிரெடெரிக் தீவுகள் என்று அழைத்தார்கள். 1768இல் மொராவியச் சபையின் ஊழியர்கள் நான்கவுரிக்கு வந்தனர். காய்ச்சலால் ஒருவர்பின் ஒருவராக மாண்டு, 1787இல் எஞ்சியோர் திரும்பினர். 1868இல் டென்மார்க் தன் உரிமையைக் கைவிட, மறு ஆண்டு பிரிட்டன் அத்தீவுகளைக் கைக்கொண்டது. பாலாடைக்கட்டிக்குப் பெயர்பெற்ற ஒரு நாடு நூறாண்டுக்கு மேலாக உரிமை கொண்டாடிய தீவில் எஞ்சியவை, எவரும் பால் கறவாத மாடுகளும் சில கல்லறைகளும். ஓர் உணவு ஊன்றுவதற்கு ஆட்சியாளரின் விருப்பம் மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அங்கே ஊன்றியிருந்தது தென்னை. ஏழாம் நூற்றாண்டில் கடாரத்திலிருந்து வடக்கே பயணம் செய்த சீனத் துறவி இ-சிங், வழியில் ஒரு தீவு மக்கள் படகுகளில் தேங்காயும் வாழைப்பழமும் ஏந்திக் கப்பலைச் சூழ்ந்துகொண்டதை எழுதியிருக்கிறார். அவர்கள் விரும்பியது இரும்பு ஒன்றைத்தான்; விரலிரண்டு அளவுள்ள இரும்புத் துண்டுக்கு ஐந்து முதல் பத்துத் தேங்காய் கொடுத்தார்கள். அத்தீவு நிக்கோபாரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டு அரபு வணிகர் குறிப்புகளிலும் இதே தீவுகள் வேறு பெயரில் வருகின்றன. அங்கும் இரும்புக்கு ஈடாகத் தேங்காய்தான். 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பைப் பாடும் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களின் வரிசையில் மாநக்கவாரத்தை வைக்கிறது. அதற்கு அது தரும் அடைமொழி அதன் பொழில்கள். சீனர், அரபியர், சோழர் என யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் பட்டவை மரங்களே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நிக்கோபாரில் வந்திறங்கும் துணிக்கும் அரிசிக்கும் புகையிலைக்கும் விலை தேங்காய்க் கணக்கிலேயே சொல்லப்பட்டது. ஆக அங்கே தேங்காய் உணவாகவும் எண்ணெயாகவும் நாணயமாகவும் பன்றிக்குத் தீனியாகவும் இருந்தது. அதன் பாளையைச் சீவி இறக்கிய கள், விருந்தின் பானமாக இருந்தது. தோப்பு தனிமனிதரின் சொத்தாக இராமல் ‘துஹேத்’ எனப்படும் பெருங்குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. கார் நிக்கோபாரில் இன்றும் அந்த அமைப்பே சமூகத்தின் முதுகெலும்பு.

இனி அந்த விருந்து. இறந்தோரைப் புதைத்துச் சில ஆண்டுகள் கழிந்தபின், எலும்புகளை எடுத்துத் தூய்மை செய்து மீண்டும் அடக்கம் செய்யும் பெருவிழா நிக்கோபாரியரிடையே உண்டு. அதன் தேதியை நாள்காட்டி தீர்மானிப்பதில்லை. போதிய பன்றிகள் கொழுத்திருக்க வேண்டும். அவற்றுக்கு நாள்தோறும் ஊட்டத் தேங்காய் வேண்டும். விருந்தினராக வரும் பிற ஊராருக்குக் கிழங்கும் தாழம்பழ மாவும் வேண்டும். தோப்பு தயாரானால்தான் விழா தயார். இன்று நம்மிடம் உண்டவர் நாளை நமக்கு விருந்து வைக்கக் கடமைப்பட்டவர். கிறித்தவம் பரவியபின் பல சடங்குகள் மாறின; ஆயினும் பகிர்ந்துண்ணும் அந்த முறை கிறிஸ்துமஸிலும் ஈஸ்டரிலும் தொடர்கிறது. விடுதிப் பலகையின் முன் என் தோழி கேட்ட கேள்வி இந்த உலகத்திலிருந்து வந்தது.

இந்த இடத்தில் சிலர் சொல்லக்கூடும்: தென்னைக்கும் ஒரு நாள் இருக்கிறதே என்று. இருக்கிறது. 1969 செப்டம்பர் 2 அன்று தொடங்கிய ஆசிய பசிபிக் தென்னைச் சமூகத்தின் நினைவாக, 2009 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 2 உலகத் தென்னை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்தமானிலும் அது நடக்கிறது. கருத்தரங்கு, கன்று வழங்கல், மதிப்புக்கூட்டிய பொருள்களின் கண்காட்சி என எல்லாம் முறையாகவே நிகழும். அதில் குறைசொல்ல ஏதுமில்லை, பயன் உண்டு. அங்குள்ள மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் அன்னபூர்ணா, சூர்யா, ஓம்கார், சந்தன் என்னும் குட்டைத் தென்னை வகைகளை வெளியிட்டிருக்கிறது. சிப்பிகாட்டில் பசிபிக் தீவுகளிலிருந்து கொணர்ந்த தென்னை வகைகளைக் காக்கும் உலகத் தென்னை மரபுவள மையம் இருக்கிறது. இவை பெருமைக்குரியவை.

ஆனால் அந்நாளின் மொழியைக் கவனியுங்கள். ஒரு மரத்துக்கு எத்தனை காய், ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டன் கொப்பரை, எந்தச் சந்தைக்கு எந்தப் பொருள் என்று அது பேசும். அந்தமானின் தென்னைக்கும் நிக்கோபாரின் தென்னைக்கும் உள்ள வேறுபாட்டைப் பேசாது. 1858இல் பிரிட்டிஷார் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது, வடக்கே கோகோ தீவுகளிலும் தெற்கே நிக்கோபாரிலும் நிறைந்திருந்த தென்னை, இடையிலுள்ள அந்தமான் கரைகளில் பெரும்பாலும் இல்லை. இன்றைய அந்தமான் தோப்புகளின் தொடக்கம் கைதிகளின் உழைப்பு. நிக்கோபார்த் தோப்புகளின் தொடக்கமோ எழுத்தில் பதியாத பழங்காலம். ஒரே மரம், இரண்டு வரலாறுகள். ‘தீவுத் தென்னை’ என்று ஒரே சொல்லில் இரண்டையும் கட்டும்போது, கைதியும் மறைகிறான், துஹேத்தும் மறைகிறது.

அந்நாளின் மேடையில் கள்ளுக்கும் இடமில்லை. இது தீவுகளுக்கு மட்டும் உரிய மௌனமன்று. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கத் தடை நடைமுறையில் உள்ளது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் 2003 முதல் சில்லறை மது விற்பனையையும் தன் கையில் வைத்திருக்கிறது; அதன் கடைகளில் பிராந்தி பெருமளவில் விற்பனையாகிறது. உள்ளூர் மரத்திலிருந்து இறங்கும் பானம் குற்றம், ஆலையிலிருந்து புட்டியில் வரும் பானம் வருவாய் என்னும் இந்த ஏற்பாட்டை நலவாழ்வு நோக்கில் விளக்க முடியாது. வரிவசூல் நோக்கில் எளிதில் விளக்கலாம். மரமேறியின் கலயத்துக்கு ரசீது போடுவது கடினம், புட்டிக்கு எளிது. அந்தமானிலும் சோட்டாநாக்பூரிலிருந்து காடு திருத்த 1918 முதல் அழைத்துவரப்பட்ட தொழிலாளரின் வழிவந்த ‘ராஞ்சி’ மக்களிடம் ஹண்டியா என்னும் அரிசிக் கள் உண்டு. அதற்கும் எந்த நாளும் இல்லை. எந்த விடுதியும் அதற்கு மாலை விருந்து வைப்பதில்லை.

அப்படியானால் கள்ளுக்கும் ஒரு நாள் வேண்டும் என்கிறேனா? இல்லை. மதுவைப் பற்றித் தீவுகளில் இருந்துகொண்டு எளிதாகப் பேச முடியாது. அந்தமானின் ஆதிக்குடிகளிடம் புளித்த பானம் எதுவும் இருந்ததில்லை. போதைப்பொருள்கள் அவர்களிடம் குடியேற்றத்தோடு வந்தன. அதன் விளைவைப் பெரிய அந்தமானியர் தலைமுறைகளாகச் சுமந்தனர். 2008 டிசம்பரில் சிறிய அந்தமானின் டுகோங் கிரீக்கில், கரையொதுங்கிய கலனொன்றில் இருந்த நச்சுத் திரவத்தை மது என்று எண்ணிக் குடித்த ஓங்கே மக்களுள் 8 பேர் இறந்தனர். மொத்தமே நூறு பேர் அளவில் வாழும் ஓர் இனத்தில் 8 பேர். எந்தப் பானத்தையும் ‘கொண்டாட்டம்’ என்று விளம்பரப்படுத்துபவர், குறைந்தது இந்தத் தீவுகளில், அந்த எண்ணை அறிந்திருக்க வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பணமும் கடைப்பண்டமும் ஒருங்கே வந்து சேர்ந்தபோது நிக்கோபார்த் தீவுகளில் மதுப்பழக்கம் பெருகியதை ஆய்வாளர் சிம்ரன் ஜித் சிங் போன்றோர் பதிவு செய்துள்ளனர். மரபுக் கள் தீங்கற்றது என்று வாதிட நான் வரவில்லை. பருவம், சடங்கு, தோப்பின் விளைச்சல், மூத்தோரின் கண் ஆகியவற்றால் கட்டுப்பட்டிருந்த குடி ஒன்று. பணம் இருந்தால் எந்நாளும் கிடைக்கும் குடி மற்றொன்று. முதலாவதற்கு அதன் உலகம் எல்லை வகுத்தது. இரண்டாவதற்கு எல்லை வாங்குபவனின் சட்டைப்பை.

இப்போது என் முதன்மையான கவலைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நிக்கோபார்த் தீவுகளின் கரையோரத் தோப்புகள் பெருமளவில் அழிந்தன. நிலமே தாழ்ந்தது, பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனையில் தரை ஏறத்தாழ 4 மீட்டர் அமிழ்ந்தது. மரம் நின்ற இடங்களில் கடல் நின்றது. பெரிய நிக்கோபாரின் மேற்கு, தெற்குக் கரைகளில் வாழ்ந்த நிக்கோபாரியர் கேம்ப்பெல் பே அருகே ராஜீவ் நகர், நியூ சிங்கென் என்னும் இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். தற்காலிகம் என்று அவர்கள் எண்ணிய அந்த இருப்பு இரண்டு பதின்மங்களைத் தாண்டிவிட்டது. தங்கள் பழைய ஊர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அவர்கள் தொடர்ந்து கேட்டுவருகின்றனர். தோப்பும் பன்றியும் மூதாதையர் நிலமும் அங்கேதான் இருக்கின்றன.

அதே தீவில்தான் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெயர்ப்புத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டம் வருகிறது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு இதற்காக ஒதுக்கப்படுகிறது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. முன்னர் அளித்த தடையின்மைச் சான்றைப் பெரிய, சிறிய நிக்கோபார்த் தீவுகளின் பழங்குடி மன்றம் திரும்பப் பெற்றதும் அதே நவம்பரில்தான். திட்டத்தை முன்னெடுக்கும் நிறுவனம் எது? முன்பு நினைவில் வைக்கச் சொன்ன வளர்ச்சிக் கழகமே அது. தீவுகளில் பிராந்தியை விற்கும் நிறுவனமும், தென்னையும் தாழையும் நின்ற கரையை மாற்றியமைக்கும் திட்டத்தின் உரிமையாளரும் ஒன்றே. இதில் சதி எதையும் நான் காணவில்லை. நிர்வாக வசதி என்றே கொள்வோம். ஆனால் குறியீடாக அது கூர்மையானது. தீவுக்குள் வருவதும் தீவிலிருந்து போவதும் ஒரே பேரேட்டில் எழுதப்படுகின்றன. அந்தப் பேரேட்டில் துஹேத்துக்கு ஒரு பக்கம் இல்லை.

இத்திட்டத்தின் பாதுகாப்புத் தேவை, வணிகப் பயன் பற்றிய வாதங்களை நான் அறிவேன். அவற்றை எடைபோட இப்பதிவு இடமன்று. நான் சொல்வது உணவாய்வு மாணவியின் எல்லைக்குட்பட்ட ஒன்று. திரும்பிச்செல்ல நிலமில்லாத மக்களின் தீவுக்கூட்டத்தில் தென்னை நாள் கொண்டாடுவது, வீட்டுக்காரரை வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் புதுமனை விழா எடுப்பதற்கு ஒப்பாகும்.

நம்மவரைப் பற்றியும் ஒரு சொல். தமிழர்கள் இந்தக் கதையில் பார்வையாளர் அல்லர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாடு திரும்பிய தமிழர்களுள் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தலைமுறைகளாகக் கொழுந்து பறித்த கைகள் நிக்கோபாரியரின் தீவில் ரப்பர்ப்பால் எடுக்கத் தொடங்கின. அவர்கள் தாமாகத் தேர்ந்த நிலமன்று அது; வேறொருவரின் நிலம் என்பதும் உண்மை. இடம்பெயர்க்கப்பட்ட ஒருவரைக் கொண்டு இன்னொருவரின் இடம் சுருக்கப்படும் வரலாறு இது.

இங்கே தேயிலை நாளின் கதை பொருத்தமானது. 2005இல் புதுதில்லியில் தொழிற்சங்கங்களும் தொழிலாளர் அமைப்புகளும் கூடி டிசம்பர் 15ஐப் பன்னாட்டுத் தேயிலை நாளாகக் கடைப்பிடிக்கத் தொடங்கின. கூலி, தொழிலாளர் உரிமை, சிறு உற்பத்தியாளரின் விலை ஆகியவையே அன்று பேசுபொருள். பின்னர் 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, இந்தியா முன்வைத்த முயற்சியைத் தொடர்ந்து, மே 21ஐ அந்நாளாக ஏற்றது. உலக ஏற்பு மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் இன்று மே 21இல் நம் கைபேசியில் வந்து விழுவது கோப்பையும் ஆவியும் கொண்ட வாழ்த்துப்படம்; டிசம்பர் 15இன் கூலிக்கணக்கு அதில் இல்லை. ஒரு நாள் தன் தொடக்கத்தை மறப்பது இப்படித்தான் நிகழ்கிறது. தேதி நகர்கிறது, பேசுபவர் மாறுகிறார், இறுதியில் பண்டம் மட்டும் எஞ்சுகிறது.

ஆகவே பல்கலைக்கழகங்களில் இருக்கும் நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: நம் துறைகள் உணவு நாட்களை நடத்தும்போது, பண்டத்தின் சத்துப் பட்டியலோடு அதன் நிலவுரிமைப் பட்டியலையும் வைப்போம். இது யாருடைய தோப்பு, யாருடைய கூலி, யாருடைய பெயர் என்று கேட்கும் ஓர் அமர்வாவது இருக்கட்டும். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் பாலாடைக்கட்டி செய்வோரைப் பற்றியோ, போர்ச்சுக்கீசியர் வழிவந்ததாகக் கருதப்படும் வங்காளத்துப் பாண்டல் கட்டியைப் பற்றியோ பேசினாலும் இக்கேள்வி பொருந்தும். அயல் உணவு நம்முடையதாவதும் நிலத்தின் வழியாகவே.

இரண்டு: தீவுகளின் புளிக்கவைக்கும் முறைகளையும் விருந்து முறைகளையும் ஆவணப்படுத்த விரும்புவோர், அம்மக்களின் இசைவையும் மேற்பார்வையையும் முதல் நிபந்தனையாகக் கொள்ள வேண்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை நம்மைக் கரையில் நிறுத்துவது சரியே. எலும்பெடுக்கும் விருந்தைச் சுற்றுலா அட்டவணையில் சேர்க்கத் துடிக்கும் குரல்களுக்கு ஆய்வாளர் துணைபோகக் கூடாது. கொண்டாட்டத்தில் இடமில்லாமை ஓர் அவமதிப்பு என்றால், காட்சிப்பொருளாகும் இடம் இன்னொரு அவமதிப்பு.

மூன்று: கள், பிராந்தி பற்றிய விவாதத்தை ஒழுக்கத்தின் மொழியில் மட்டும் நடத்தாதிருப்போம். எந்தக் குடி யாருக்கு வருவாய், யாருக்குக் குற்றம், யாருக்கு மரணம் என்பதைக் கணக்கெடுக்கும் மொழி நமக்குத் தேவை. அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை அரசின் நோக்கமாகச் சொல்கிறது. அதே அரசு மதுவை விற்கிறது. இந்த முரண் ஆய்வுக்குரியது. மேடைப்பேச்சில் கரைந்துவிடக் கூடாதது.

இவற்றில் எதுவும் ஜூன் 4 மாலையில் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைச் சுவைப்பவரைக் குற்றவாளியாக்காது. சுவைக்கட்டும். சுவைப்பது பிழையன்று, எதனைச் சுவைக்கிறோம் என்று கேட்கும் பழக்கம் போய்விடுவதே இழப்பு.

மழை விட்டபின் தோழியும் நானும் நடந்தோம். ஆழிப்பேரலைக்குப் பின் அவளுடைய ஊரில் பல ஆண்டுகள் பெருவிருந்தே நடக்கவில்லை என்றாள். பன்றிகள் இல்லை, மரங்கள் இல்லை. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. முதல் காய்கள் வந்தபோது அவளுடைய பாட்டி அவற்றை விற்கவும் இல்லை, உண்ணவும் இல்லை. பன்றிக்குட்டிகளுக்கு உடைத்துப் போட்டாள். பேரலையில் போனவர்களுக்கு விருந்து கடன் இருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம்.

அந்த விருந்து யாருக்காக என்று அங்கே எவரும் கேட்கவில்லை.